பம்ப் பழுதான எண்பத்தைந்து நிமிடம்

கட்டடத் திட்ட முகாமையாளராகப் பதிவு பெறுவதற்காகக் கேசிகா இரண்டு வருடம் படித்தாள், நாலு பரீட்சை எழுதினாள். மிச்சம் இருந்தது இந்த நேர்முகம் ஒன்றுதான். அதிலும் முக்கால்வாசி நல்லபடியாகத்தான் போனது. பிறகு பதிவுச் சபையினரில் நடுவில் இருந்த சின்யோரா கிளறா ஒரு தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "ஜூன் பதினான்காம் திகதி பம்புக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

கொங்கிறீற்றை மேலே ஏற்றும் அந்தப் பம்புக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

அன்று இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் கட்டிக்கொண்டிருந்த மாடிவீட்டின் முதல் தளத்துக்குக் கொங்கிறீற் போடவேண்டும். கேசிகா தானே பொறுப்பாக நின்று போடுவிக்கும் முதல் தளம். பத்து மணிக்கு வரவேண்டிய கலவை லொறி நெரிசலில் மாட்டுப்பட்டுப் பத்து முப்பத்தைந்துக்கு வந்து நின்றது. வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகுகாலம் என்று அதே நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டுக் குசினிக் கலண்டர் சொல்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் கணித்த இராகு பலேர்மோ வரைக்கும் ஏன் மினக்கெட்டு வரவேண்டும் என்று அம்மா இராசேஸ்வரியிடம் கேட்க வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. கேசிகா படித்தவள், இதையெல்லாம் பகிடி பண்ணுகிறவள். ஆனால் தன் பொறுப்பில் ஒரு தளம் எழும்பப்போகிறது என்றதும் அந்தப் படிப்பெல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. பன்னிரண்டுக்குப் பிறகு தொடங்குவோம் என்று லொறிக்குக் கையைக் காட்டிவிட்டாள்.

மேசன்மாருக்குத் தலைவரான குணரத்தினம் தலையில் கையை வைத்தார். "பிள்ளை, இந்த வெயிலுக்கை கலவை இறுகிப்போகும். இராகுவை நான் பாத்துக்கொள்ளுறன், நீ பம்பைப் போடச் சொல்லு."

அவள் கேட்கவில்லை. கலவை இறுகத்தான் செய்தது. அதைத் திருப்பி அனுப்பி, பன்னிரண்டுக்கு வேறு லொறி எடுத்துத்தான் தளம் போட்டார்கள். வேலைத்தளக் குறிப்பேட்டில் 'பம்ப் பழுது, எண்பத்தைந்து நிமிடத் தாமதம்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். இராகுகாலத்தை இத்தாலியனில் என்னவென்று எழுதுவது? போதாக்குறைக்கு, பம்ப் வாடகைக்காரர் பில்லோடு 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதித் தந்த தாளை வாசித்தும் பாராமல், குறிப்பேட்டுப் பிரதியோடு சேர்த்து விண்ணப்பத்தில் தானே இணைத்துவிட்டாள். அதுதான் இப்போது மேசையில் கிடந்தது.

"சரியாக ஞாபகமில்லை" என்றாள்.

"அப்படியானால் உங்கள் சாட்சியைக் கேட்போம்."

ஒவ்வொரு விண்ணப்பதாரியும் தன்னோடு வேலை செய்த ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிவர வேண்டும் என்பது சபையின் விதி. கலியாணவீட்டுக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே காத்திருந்த குணரத்தினத்தை உள்ளே அழைத்தார்கள். கிளறா அதே கேள்வியைக் கேட்டார். அவர் தாளைப் பார்த்தார், கேசிகாவின் முகத்தைப் பார்த்தார். ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"பம்பிலை பழுதில்லை, சின்யோரா" என்றார், வேலைத்தளத்தில் பழகிய இத்தாலியனில். "நான்தான் மறிச்சனான். எங்கடை ஆக்களுக்கு வெள்ளிக்கிழமையிலை கூடாத நேரம் ஒண்டு இருக்கு. இவ போடச் சொல்லி ஏசினவ, நான் கேக்கேல்லை. என்னைக் காப்பாத்தத்தான் பம்ப் எண்டு எழுதினவ."

"முகாமையாளரின் உத்தரவை நீங்கள் மீறினீர்கள்?"

"ஓம்."

கிளறா எழுதத் தொடங்கினார். கேசிகாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நிமிடமே வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் குறிப்பு கொம்பனிக்குப் போகும். ஐம்பத்தொன்பது வயதில், உத்தரவை மீறியவர் என்ற பேரோடு அவரை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? வாயைத் திறக்காமல் இருந்தால் பதிவு கிடைத்துவிடும். பேனை தாளில் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவர் சொல்வது பொய்" என்றாள். "மறித்தது நான். போடச் சொன்னவர் அவர்."

கிளறா எழுதியதை வெட்டினார். கால் மணித்தியாலத்தில் முடிவைச் சொன்னார்கள். பொய்க் குறிப்பு எழுதியதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம். உண்மை சொன்னதற்கு யாரும் அவளைப் பாராட்டவில்லை.

பஸ் தரிப்பில் குணரத்தினம் அவளைத் திரும்பிப் பார்க்காமல் நின்றார்.

"உங்கடை வேலை போயிடும் எண்ட பயத்திலைதான் சொன்னனான், அண்ணை."

"போனால் போகட்டும் எண்டுதானே நானும் சொன்னனான்." பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "இருபத்தாறு வருசமா இந்த ஊரிலை வேலை செய்யிறன். குணரத்தினத்தின்ரை சொல் பொய்யெண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. இண்டைக்கு நீ சொல்லிப்போட்டாய், அதுவும் அவையளுக்கு முன்னாலை."

கேசிகா அவருக்குக் கிட்டப் போனாள். "அடுத்த வருசம் திரும்பிப் போகேக்கை எல்லாத்தையும் சரியாச் சொல்லுவம், அண்ணை."

"அப்ப சாட்சிக்கு வேறை ஆளைப் பார்" என்றார். பஸ் வந்ததும் அவர் ஏறி, முன்னால் தனி இருக்கையில் போய் இருந்துகொண்டார்.