கூரைக்குப் போட்ட பொத்தான்

மூன்றாவது ஓடு கையோடு பெயர்ந்து வந்ததும், கீழே கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த அப்பாவின் முகம் நேராகத் தெரிந்தது. திடீரென்று விழுந்த வெளிச்சத்தில் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார். சட்டங்களுக்கு நடுவே மகளின் தலையைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"என்ன குரங்கு, எனக்கு மேல போறதுக்கு வழி பண்ணிட்டியா?"

"சும்மா இருங்கப்பா. தண்ணி எங்கேருந்து இறங்குதுன்னு பாக்குறேன்."

"நான் கதவு வழியாப் போறதாத்தான் இருந்தேன். நீ இவ்வளவு சிரமப்படுற. சரி, அந்த வழியாவே வரேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா இது என்று கேட்டால், அந்த வீட்டில் வேறு நேரமே கிடையாது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைக் குடுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். "பிடிச்சதைக் குடுக்கச் சொன்னாருல்ல? எனக்குப் பிடிச்சது பேச்சு" என்று சொல்லிவிட்டு, ஒன்பது நாளும் மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே இருந்தார்.

முந்தைய நாள் பெய்த மழையில் அவர் கால்மாட்டிலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதற்குத்தான் அவள் மேலே ஏறியிருந்தாள். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை அவளுக்கு. குரங்கு என்ற பெயர் வேலைக்கு முன்பே வந்தது; வேலை பிற்பாடு பெயருக்குப் பொருத்தமாக அமைந்துகொண்டது. அண்ணன் மருந்துக்கடைக்காரன். ஸ்டூல்மேல் ஏறினாலே தலை சுற்றும் ஆள். ஏணியைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி, ஏணியே அவனைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலக் கீழே நின்றிருந்தான்.

அவள் பக்கத்தில் குந்தியிருந்த கூரைக்காரர் சட்டத்தை விரலால் குத்திக் காட்டினார். விரல் உள்ளே போயிற்று.

"ஓட்டை மாத்தி என்னம்மா பிரயோஜனம்? சட்டமே உளுத்துப்போச்சு. ஒண்ணு, சட்டம் போட்டுப் புதுசா ஓடு வேயணும். இல்ல, இரும்புச் சட்டம் அடிச்சுத் தகர ஷீட்டு. ஷீட்டுன்னா கைவசம் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வரேன், ஒரு முடிவாச் சொல்லிடுங்க. இந்த மழைக்கு இது தாங்காது."

முடிவாச் சொல்வதா! அந்தக் கூரை விஷயத்தில் அந்த வீடு முடிவு சொல்ல முடியாமல் ஒன்பது வருடம் ஆகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வீட்டில் எதையும் யாரும் தனியாகத் தீர்மானிக்க முடியாது. பொத்தான் போட வேண்டும். அம்மா தையல்காரி, பொத்தானுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் இருவரும் ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொண்ட காலத்தில் அப்பா ஏற்படுத்திய முறை அது. ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. சரி என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் சிவப்பு. கையை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் விட்டுப் போட வேண்டும். பூனை வந்தது மூன்றுக்கு ஒன்றில். எதிர்த்துப் போட்ட அம்மாதான் இன்றுவரை அதற்குப் பால் ஊற்றுகிறாள். மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையிலேயே அடுக்களையில் நாலு சிவப்பும் விழுந்துவிட்டன.

தகரக் கூரை போடலாமா என்ற கேள்விக்கு மட்டும் வருடா வருடம் இரண்டுக்கு இரண்டு. ரகசிய வாக்கெடுப்பு என்று பெயர்தானே தவிர, யார் எதைப் போடுவார்கள் என்று பூனைக்குக்கூடத் தெரியும். அம்மாவும் அவளும் தகரம். அப்பாவும் அண்ணனும் ஓடு. சமமானால் இருக்கிறபடியே இருக்கட்டும் என்பது சட்டம்.

அப்பா முப்பது வருடம் பிஸ்கட் டப்பா அடிக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தகரச் சத்தம் ஒரு காதைக் கொண்டுபோயிருந்தது. "அங்கதான் தகரத்துக்குள்ள இருந்தேன். வீட்டுலயும் மழை பேஞ்சா மிஷின் ஓடணுமா?" என்பார்.

"ஒரு காதுதான் கேக்கவே கேக்காதே, உங்களுக்கு என்ன சத்தம்?" என்பாள் அம்மா.

"கேக்குற காதுக்குத்தான்டி பயப்படுறேன்."

அம்மாவின் பக்கமும் நியாயம்தான். ஏழு இடத்தில் ஒழுகும். எந்தச் சொட்டுக்கு எந்தப் பாத்திரம் என்று அவளுக்கு மனப்பாடம். தைத்து வைத்த துணிமேல் ஒரு சொட்டு விழுந்தால் போதும், அன்றைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. இந்த மழைக்காவது அம்மா நனையாமல் தூங்க வேண்டும் என்பது மகளுக்கு ஒரு வேண்டுதல்போலவே ஆகிவிட்டிருந்தது.

ஓடுகளைத் தற்காலிகமாகப் பொருத்திவிட்டு இறங்கி வந்தாள். கூரைக்காரர் சொன்னதை அப்பாவிடம் சொன்னாள். அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"நாளைக்குச் சாயங்காலமா? நான் இருந்தா ரெண்டுக்கு ரெண்டு. இல்லேன்னா நீங்க ரெண்டு பேரு, அவன் ஒருத்தன். ஜெயிச்சுட்டீங்க, போங்க."

"என்னப்பா பேச்சு இது?"

"பேச்சு இல்ல, கணக்கு. போடுற நேரத்துல வீட்டுல இல்லாதவனுக்குப் பொத்தான் கிடையாது. நான் வச்ச சட்டம்தான்." ஒருமுறை வெளியூரிலிருந்து போன் வழியாகப் பொத்தான் போடக் கேட்ட அண்ணனுக்காக வைத்த சட்டம் அது. வாசலில் நின்றிருந்த அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "நாங்க ஜெயிக்கணும்னு உங்களை யாரும் போகச் சொல்லல. இருந்து தோத்துப் போங்க."

"நான் எங்கடி தோத்தேன்? நீயும் ஜெயிச்சதில்ல. அப்படியே ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு." மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார். "தகரம் போட்டா ஒரு லாபம் இருக்கு. மழை பேஞ்சா நீ திட்டுறது கேக்காது."

"நான் மழை விட்டதும் திட்டுவேன்."

அப்பா சிரித்தார். இருமினார். தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். அம்மா ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி, மறு கையால் தலையணையைத் தட்டிச் சரிசெய்து படுக்க வைத்தாள்.

"இப்போ சரியா இருக்கா?"

பதில் வரவில்லை. அம்மா காத்திருந்தாள். மகளும் காத்திருந்தாள். அப்பா ஏதாவது சொல்வார். சொல்லாமல் விட்டதே கிடையாது. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் கடைசி வார்த்தை அம்மாவுடையதாக இருந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போய்விட்டு வந்தார்கள். வீட்டில் கூட்டம் குறையவில்லை. தொழிற்சாலை நண்பர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்துக் காது தேறும். துக்க வீடு என்று மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் பேசியது தெருமுனைவரை கேட்டது.

"நல்ல மனுஷன்!" என்று ஒருவர் அலறினார்.

"என்னது?"

"நல்ல மனுஷன்னு சொன்னேன்!"

"ஆமா, நல்ல மழைதான்!" என்று மூன்றாவது ஆள் சம்பந்தமில்லாமல் கத்த, முதல் ஆள் பக்கத்திலிருந்தவர் காதைப் பிடித்து, ரகசியமாக, "சாப்பாடு இங்கயா, வெளியவா?" என்று கேட்டார். அடுக்களையிலிருந்து அம்மா, "இங்கதான்!" என்று பதில் குரல் கொடுத்தாள். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவதென்று தெரியாமல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதன்பிறகு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் நண்பர்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது கூரைக்காரர் வந்தார். ஊரின் மறுகோடியில் இருப்பவர். அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். "அடேயப்பா, ஒரு கூரைக்கு இவ்வளவு பேரைக் கூப்பிட்டு யோசனை கேக்குறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். காலியாக இருந்த கட்டிலைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த அளவுநாடா சரசரவென்று உள்ளே சுருண்டுகொண்டது.

"ஐயோ, தெரியாம வந்துட்டேம்மா. மன்னிச்சுக்குங்க. நான் இன்னொரு நாளைக்கு…"

"உக்காருங்க" என்றாள் அம்மா. "இன்னைக்குச் சொல்றதாத்தானே பேச்சு? அவரு சொன்ன சொல் தவற மாட்டாரு. நாங்க மட்டும் தவறணுமா?" மகனைப் பார்த்தாள். "டப்பாவை எடுடா."

"அம்மா, இன்னைக்கா?"

"மழை உங்கப்பாவைக் கேட்டுட்டா வரும்?"

அடுக்களையில் மூன்று பேரும் நின்றார்கள். கூரைக்காரர் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறதென்று புரியாமல் எட்டிப் பார்த்தார். அண்ணன் பொத்தான்களைப் பிரித்துக் கொடுத்தான்.

மகள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்பது வருடமும் யோசிக்காமல் வெள்ளையைப் போட்டவள். இப்போது வெள்ளை விழுந்தால் ஜெயித்துவிடும். யார் போனதால் ஜெயித்தது? நேற்று விரலை மடக்கி எண்ணிய கை கண்முன் வந்தது. அப்பா செத்ததால் கிடைக்கிற கூரை அவளுக்கு வேண்டாம். அம்மா நனைவாளே என்று மறுபடி நினைத்தாள். நினைத்துக்கொண்டே கையை டப்பாவுக்குள் விட்டுச் சிவப்பைப் போட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் போட்டான். கடைசியாக அம்மா போட்டாள்.

அண்ணன் டப்பாவை மேடைமேல் கவிழ்த்தான். பொத்தான்கள் சிதறி நின்றன. அவன் எண்ணினான். மறுபடி எண்ணினான். மருந்துக்கடைக்காரன், எண்ணிக்கை தப்பாது.

"நாலு இருக்கு."

இரண்டு வெள்ளை. இரண்டு சிவப்பு.

 அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாரேன், இன்னைக்கும் ரெண்டுக்கு ரெண்டு!" அதற்குமேல் பிள்ளைகளாலும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்த கூரைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒரு சிவப்பு நான்" என்றாள் மகள், கண்ணைத் துடைத்தபடி.

"நீயா? ஏன்டி?"

"அவரு போனதால ஜெயிச்சோம்னு இருக்கக் கூடாதும்மா."

அம்மா அவளைப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினாள். "அப்போ ஒரு வெள்ளை நீயாடா? ஓடு ஓடுன்னு குதிச்ச?"

அண்ணன் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து திருகி மூடினான். "எனக்கு இப்பவும் ஓடுதான் பிடிக்கும். ஆனா நீ பாத்திரம் வைக்க எந்திரிக்கிறப்ப அவருதான டார்ச் அடிப்பாரு. இனிமே யாரு அடிப்பா?"

தகரம் வேண்டாம் என்று ஒன்பது வருடம் சிவப்புப் போட்டவர், ஒவ்வொரு மழைக்கும் எழுந்து, ஏழு இடத்துக்கும் அம்மாவின் பின்னாலேயே வெளிச்சம் காட்டிக்கொண்டு நடந்தார். மகள் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இதுவரை அதை எந்தப் பக்கத்திலும் சேர்த்து எண்ணியதில்லை.

"மிச்ச ரெண்டு?" என்றான் அண்ணன் மெல்ல.

"ரெண்டும் நான்தான். எனக்கு ஒரு வெள்ளை." அம்மா அடுப்பு மேடையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது. "நாலு பேருக்கு எடுத்து வச்சுப் பழகின கை. மூணுன்னு நிறுத்த வரல."

கூடத்திலிருந்து கூரைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, நான் போயிட்டு…"

"இருங்க, ஆச்சு."

அம்மா துணியை வைத்துவிட்டு மேடைக்கு முன் வந்து நின்றாள். நாலு பொத்தானையும் வரிசையாக வைத்தாள். சிவப்பில் ஒன்றின்மேல் விரலை வைத்து, வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு அதை மட்டும் தன் பக்கம் இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இது செல்லாது" என்றாள். "சட்டம்னா சட்டம்தான்."

அண்ணன் மீதியை எண்ண வேண்டியிருக்கவில்லை. மகள் கூடத்துக்குப் போய், "ஷீட்டே போட்டுடுங்க" என்று சொன்னாள். கூரைக்காரர் நாடாவை எடுத்து, செத்த வீட்டில் எவ்வளவு சத்தம் போடலாமோ அவ்வளவு மெல்லச் சுவர்களை அளக்கத் தொடங்கினார். அண்ணன் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மகள் அம்மாவுக்குத் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அம்மா இடது கையால் வாங்கிக் குடித்தாள். வலது கை மடியில் மூடியே இருந்தது.