நீக்கக் காரணம்

"அன்பான பணியாளர்களே, உங்கள் நலனை மனதில் கொண்டு..." என்று ஒரு சுற்றறிக்கை ஆரம்பித்தால் உடனே சட்டைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருடமாக லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் குப்பை கொட்டியதில் இந்த ஒரு பாடத்தையாவது உருப்படியாகக் கற்றிருக்கிறேன். முன்பெல்லாம் எங்கள் மருத்துவக் காப்பீட்டில் முழுச் செலவும் கிடைத்தது. அப்புறம் பத்தில் ஒரு பங்கை நீங்கள் கட்டுங்கள் என்றார்கள். அதற்கும் அப்புறம் நாலில் ஒரு பங்கு. ஒவ்வொரு தடவையும் எங்கள் நலனை மனதில் கொண்டுதான்.

இந்த வருடம் நாலாவது பத்தியில் வைத்திருந்தார்கள் வேட்டு. பணியாளரின் கணவனோ மனைவியோ வேறு இடத்தில் வேலை பார்த்து, அங்கே காப்பீடும் இருந்தால், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவர்களுக்கு எங்கள் காப்பீடு கிடையாது.

என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பிரேமில் லென்ஸைப் பொருத்தி, எறும்பு அளவு திருகாணியை முடுக்கும் வேலை. அவளுக்கு முடக்குவாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் கை கையாக இருக்கும். போடாவிட்டால் காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, மடக்கியது மடக்கியபடியே நிற்கும். மாதம் இரண்டு ஊசி. அந்த இரண்டின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட. இத்தனை வருடம் அதில் பெரும்பங்கை என் கம்பெனிக் காப்பீடுதான் கொடுத்துவந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் என்னோடு இல்லை. மகள் படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குப் போன கையோடு, அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஐந்து வருடம் ஆகிறது. நான் அடிக்கிறவனும் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. எனக்கு வாய்தான். "உன் சம்பளம் எந்த மூலைக்கு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது. விவாகரத்து வரை போகாததற்குப் பாசம்தான் காரணம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஊசிதான் காரணம். காப்பீட்டு அட்டையில் மனைவி என்று பேர் இருக்கிறவரைக்கும்தான் அது கிடைக்கும். வருடத்துக்கு ஒரு தடவை குடும்ப விவரப் படிவத்தில் கையெழுத்துப் போட என் ஆபீசுக்கு வருவாள். கேன்டீனில் ஒரு டீ குடிப்போம். கிளம்பிவிடுவாள்.

சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு காப்பீட்டுப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பெண், என் மகள் வயது.

"வேற வழியே இல்லையாம்மா?"

"அவங்க வேலைய விட்டாத்தான் சார். விட்டுட்டேன்னு ஒரு கடிதம் கொடுத்தா பேரு அப்படியே இருக்கும்."

"விடாமலே விட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்தா?"

"கண்டுபிடிச்சா உங்க அட்டையும் போயிடும் சார்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன வருஷம் காப்பீட்டுலேர்ந்து எல்லார் அப்பா அம்மாவையும் எடுத்தாங்கள்ல. லிஸ்ட் என் மேஜைக்குத்தானே வரும். எங்க அம்மா பேரை நானேதான் நீக்கினேன்."

அவளிடம் சண்டை போடலாம் என்றுதான் போயிருந்தேன். அந்தப் பிள்ளையிடம் என்னத்தைப் போடுவது? தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாடிப்படியில் இறங்கும்போது என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சந்தோஷம்தான். என் மனைவி வேலையை விட்டாக வேண்டும். வேலையை விட்டால் வாடகைக்கு எங்கே போவாள்? வீட்டுக்கு வந்துதானே தீர வேண்டும். ஐந்து வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்கு அன்றைக்குச் சாயங்காலமே வாஷர் மாற்றினேன். ஜன்னலைத் துடைத்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி முடிகூட வெட்டிக்கொண்டேன், வெட்கக்கேடு.

மறுநாள் மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு விளக்கு, உயரமான ஸ்டூல். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, இந்த வருஷம் நேர்லயே வந்துட்டீங்க? கேன்டீன்ல டீ தீர்ந்துபோச்சா?"

காகிதத்தை நீட்டினேன். நிதானமாகப் படித்தாள். நாலாவது பத்தியை இரண்டு தடவை படித்தாள்.

"வேலைய விட்டுடு," என்றேன். "ஒரு கடிதம் போதும். ஊசி நிக்காது."

"விட்டுட்டு?"

"வீடு இருக்கு."

"ஊசிக்காக வரச் சொல்றீங்க."

"எனக்காகன்னு கூப்பிட்டா வந்துடுவியா?"

"கூப்பிட்டிருந்தா யோசிச்சிருப்பேன். ஒரு தடவைகூடக் கூப்பிடலையே."

 அவள் ஒரு பிரேமை எடுத்து, இடுக்கியால் திருகாணியைப் பிடித்துக் குழியில் வைத்து, நாலு சுற்று சுற்றினாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"இங்க எனக்குன்னு ஒரு ஸ்டூல் இருக்கு," என்றாள். "ஒரு நாள் வரலைன்னா எங்க காணோம்னு தேடுறாங்க. உங்க வீட்ல இருந்தப்போ, நான் இருந்தேனான்னே உங்களுக்குத் தெரியாது. நான் விட மாட்டேன்."

"அப்ப ஊசி?"

"இந்தக் கடைக் காப்பீட்டுல சேந்துக்கிறேன். பழைய வியாதின்னா ஆறு மாசம் கழிச்சுத்தான் கொடுப்பாங்களாம். அதுவரைக்கும் டாக்டர் மாத்திரை எழுதித் தர்றாரு. ஆறு மாசம்தானே. ஓட்டிடுவேன்."

"எதை வச்சு? இந்தக் கையை வச்சா?"

"இந்தக் கையை வச்சுத்தான்."

கையோடு கொண்டுபோயிருந்த குடும்ப விவரப் படிவத்தையும் கேட்டு வாங்கினாள். அதன் கடைசியில் 'நீக்கக் காரணம்' என்று போட்டு மூன்று கட்டங்கள் இருந்தன. இறப்பு. விவாகரத்து. வேறு காப்பீடு. மூன்றாவதில் குறி போட்டு, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்று, திமிர், திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா இந்த மாசம் ரெண்டு நாள் கடைக்கு லேட்டாப் போயிருக்காங்க. இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு முதலாளி சொல்லிட்டாராம். வேலை போச்சுன்னா வரப்போற கார்டும் போச்சு."

"ஏன் லேட்டு?"

"காலையில விரல் விரிய மாட்டேங்குதுப்பா. ஒன்பது மணியாகுதாம் விரிய. ஒன்பது மணிக்குக் கடையில இருக்கணும்."

"அதை என்கிட்ட எதுக்குச் சொல்ற? ராணி மாதிரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்ல, அவளே பாத்துக்கட்டும்."

"அப்பா."

"ஒன்பது மணிக்கு அங்க இருக்கணும்னா எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

மறுநாள் ஆறரைக்கு அவள் குடியிருக்கும் கட்டடத்துக்குப் போய்விட்டேன். மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது; எனக்கென்றே கட்டியிருப்பான் போல. மூச்சு வாங்கக் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான். கதவைத் திற."

 உள்ளே ஏதோ உரசுகிற சத்தம். பிறகு, "முடியல," என்றாள்.

இருபத்தெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. 

லிப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் நாங்கள் முதலில் கதவை நெம்ப மாட்டோம். முதலில் பேசுவோம். பதறுகிறவரை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் நடக்காது.

"பதறாத. நான் இங்கதான் நிக்கிறேன், எங்கயும் போகல," என்றேன். "கடைக்குத் தூக்கிட்டுப் போற பை இருக்கா?"

"இருக்கு."

"அதோட காதைத் தாழ்ப்பாள் குமிழ்ல மாட்டு. விரல் வேணாம், மணிக்கட்டாலயே மாட்டு. மாட்டிட்டியா? இப்ப இன்னொரு காதுக்குள்ள முழங்கையை விட்டு, உடம்போட சாஞ்சு இழு. அவசரமில்ல."

முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை தாழ்ப்பாள் படக்கென்று விலகியது. கதவு திறந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. கோட்டுப் பட்டன் ஒன்றுகூடப் போடவில்லை, தலை வாரவில்லை. என்னைப் பார்க்காமல், "எத்தனை நேரமா போராடிட்டிருக்கேன் தெரியுமா," என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியவில்லை. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் யாரென்று அதில் பேர்கூட இல்லை.

அன்றிலிருந்து தினமும் ஆறரை. சாவியில் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். தாழ்ப்பாளைப் போடாமல் பூட்டை மட்டும் பூட்டிக்கொள்ளச் சொன்னேன். ஸ்டவ்வில் தண்ணீர் சுட வைப்பேன். பெரிய பாத்திரத்தில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். அதற்குள் நான் தலை வாரிப் பின்னிவிடுவேன். முதல் வாரம் பின்னல் பழைய கேபிள் மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு கோட்டின் ஆறு பட்டன். எட்டு மணிக்குள் விரல் அசைய ஆரம்பிக்கும். படியில் இறங்கி அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நாலாவது மாதம் ஒரு நாள், பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போது, அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அந்தச் சுற்றறிக்கையைப் படிச்சப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நீ வந்துடுவேன்னு."

"தெரியும்," என்றாள். "கடைக்கு வந்தப்பவே உங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. முடி வேற வெட்டிட்டு வந்தீங்க."

"தப்புதான்."

"தப்புதான்." கழுத்தை நிமிர்த்திக் காட்டி, "மேல் பட்டனை விட்டுட்டீங்க, போடுங்க," என்றாள்.

ஐந்தாவது மாதம் மோசமாக இருந்தது. மணிக்கட்டும் வீங்கியது. கடையில் மூன்று திருகாணியைக் கீழே போட்டுவிட்டதாகவும், தரையில் தவழ்ந்து பொறுக்கியதாகவும் ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். விட்டுடு என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. என் ஆயுளில் நான் சொல்லாமல் விட்ட முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஒருவழியாக ஆறு மாதம் முடிந்து, அவள் பேரில் அட்டை வந்தது. அதிலும் ஊசி விலையில் மூன்றில் ஒரு பங்கு அவள் கைக்காசு. அவளுடைய முதலாளிக்கும் அவள் நலன்மேல் அக்கறை அதிகம். சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போகும். பாதியை நான் போடுகிறேன் என்றேன். முடியாமல் போனால் கேட்கிறேன் என்றாள். அந்த மட்டும் அவள் இறங்கி வந்ததே பெரிது. வீட்டிலேயே தானாகப் போட்டுக்கொள்கிற ஊசிதான், ஆனால் முதல் ஊசியை அழுத்த அவளுக்கு விரல் வரவில்லை. நான்தான் அழுத்தினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டது நான்.

மூன்றாவது ஊசிக்கு அப்புறம் ஒரு காலை. சாவியைப் பையிலிருந்து எடுப்பதற்குள் கதவு திறந்தது. தலை பின்னி, கோட்டில் ஆறு பட்டனும் போட்டு நின்றாள். இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்துக் காட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.  சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. இனி இந்த மூன்று மாடியை ஏற வேண்டாம் என்பது மட்டும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

"அப்ப நாளைலேர்ந்து நான் வர வேண்டியதில்ல," என்று சாவியை நீட்டினேன்.

"வேண்டியதில்ல," என்று வாங்கிக்கொண்டாள்.

திரும்பி இறங்க ஆரம்பித்தேன். நாலு படி இறங்கியிருப்பேன்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு," என்றாள் மேலிருந்து.

"தெரியும்."

"ஆறரைக்கெல்லாம் வந்து தட்டாதீங்க. தூங்கி எந்திரிச்சு, மெதுவா வாங்க."

எதுக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, கேட்கவில்லை.