நம்பிச் சொன்னது

தெருக்குழுவுக்கும் குடிநீர் அலுவலகத்துக்கும் நெடுநாளாக எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவுதான். இவர்கள் வாசலில் கத்துவார்கள். அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதை மாற்றியவர் புதிதாக வந்த இளம் பொறியாளர். குழுவின் செயலாளரான தையல்காரம்மாவின் கடைக்கே வந்து, தண்ணீர் நிற்கப்போகும் நாளை முன்கூட்டியே சொல்லுவார்.

"கத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்கக்கா, அது போதும்."

ஒருநாள் அவர் குரல் தாழ்ந்தது. "உங்க தெருக் குழாய் உள்ளுக்குள்ள அரிச்சுப் போச்சுக்கா. மேல எழுதியிருக்கேன். தண்ணிய கொதிக்கவெச்சுக் குடிக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் வேணாம்."

அடுத்த வாரம் பொதுக்கூட்டம். மேலதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்து, "குழாயில ஒரு குறையும் இல்ல" என்றார். தையல்காரம்மாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து நின்றாள்.

"உங்க இன்ஜினியரே சொன்னாரே, அரிச்சுப் போச்சுன்னு!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சுவரோரம் நின்ற பொறியாளர் தலை நிமிரவேயில்லை.

குழாயை மாற்ற உத்தரவு வந்தது. அவருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது.

தெருவே அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. அவளுக்கோ சோறு இறங்கவில்லை. குழாய் கெட்டதைச் சொல்லியிருக்கலாம். யார் சொன்னது என்பதை விழுங்கியிருக்கலாம். கைதட்டலுக்கு ஆசைப்பட்டல்லவா அவர் பேரை இழுத்தோம்?

அவர் வீட்டுக்குப் போனாள். கூடமெங்கும் கட்டிவைத்த பெட்டிகள். கதவைத் திறந்த அவர் மனைவி உட்காரச் சொல்லவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க தம்பி."

"குழாய் மாத்துறாங்கல்ல?"

"மாத்துறாங்க."

"அப்ப சரிக்கா" என்றவர், பெட்டியைக் கட்டக் குனிந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அவர் இடத்துக்கு வந்தவர் அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினார். "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. உங்ககிட்ட வாயைத் திறக்கவே பயமா இருக்கும்மா."

"நியாயம்தான் சார். தப்பு என்னோடது, தெருவோடது இல்ல. இனிமே குழு சார்பா எங்க எதிர்க்கடை முடிதிருத்தறவர் வருவாரு. அவரை நம்புங்க."

அன்றே குழுவைக் கூட்டி, நடந்ததை மறைக்காமல் சொல்லிப் பதவியை விட்டாள். யாரும் கைதட்டவில்லை.

சில மாதம் கழித்து, புதுப் பொறியாளர் தானாகவே முடிதிருத்தும் கடைக்கு வந்து நின்று பேசுவதை எதிரே இருந்த தன் தையல் கடையிலிருந்து பார்த்தாள். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊசியில் நூல் கோக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.