சாவி மச்சானிடம்

மார்க்கெட்டில் கைவண்டி இழுக்கும் அந்த ஆளுக்கு வைத்த பேர் வேறு, கூப்பிடுகிற பேர் சந்தேகம். கொட்டுகிற மழையில் நிற்க வைத்து மழை பெய்கிறது என்று சொன்னாலும், கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் ஒரு படித்த பெண் வந்து பூட்டுப் போட்ட தகர உண்டியலை இலவசமாக நீட்டினால் வாங்குவாரா?

தட்டிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

“இதுல உனக்கு என்னம்மா லாபம்?”

“காசு ஒண்ணும் இல்லைங்க ஐயா. சேக்கணும்னு எல்லாருக்கும் ஆசைதான், ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. கைக்கும் காசுக்கும் நடுவுல சின்னதா ஒரு தடை வச்சா என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்றோம்.”

“எலிக்குப் பொறி வைக்கிற மாதிரி.”

“இந்தப் பொறியை எலியேதான் வச்சுக்குது,” என்று அவள் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே கொடுக்கிற எதையும் அவர் வாங்குகிறவர் இல்லை. ஆனால் எதற்காகச் சேர்க்கிறோமோ அதன் படத்தை உண்டியல் மேல் ஒட்டித் தருவேன் என்று அவள் சொன்னதும் கை கொஞ்சம் இளகியது. அவர் இழுப்பது வாடகை வண்டி. காலையில் வண்டிச் சொந்தக்காரனுக்கு வாடகை அழுத பிறகுதான் சக்கரம் உருளும். இத்தனை வருஷம் அழுததற்கு ஒரு தெரு நிறைய வண்டி நிறுத்தியிருக்கலாம்.

“வண்டிப் படம் ஒட்டு,” என்றார்.

“சாவி உங்ககிட்ட இருக்கக் கூடாது. நீங்க சொல்ற ஆள்கிட்ட நானே குடுத்திடுவேன். நீங்க உண்டியலோட போய் நின்னா, அவர் ‘எதுக்கு’ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். நீங்க என்ன பதில் சொன்னாலும் சாவியைக் குடுத்திடணும். அவ்வளவுதான்.”

யாரிடம் கொடுப்பது? பெண்டாட்டியிடம் கொடுத்தால், முகத்தைத் தொங்கப் போட்டாலே இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவாள். கூட்டாளிகளிடம் கொடுத்தால் சாவி, உண்டியல் இரண்டும் சேர்ந்து சீட்டாட உட்கார்ந்துவிடும்.

“முக்குல பஞ்சர் கடை வச்சிருக்கானே, என் பெண்டாட்டியோட அண்ணன். அவன்கிட்ட குடு.”

“ரொம்ப நெருக்கமோ?”

“பேச்சுவார்த்தையே கிடையாது.”

அவள் பேனா நின்றுவிட்டது. “ஏன் ஐயா?”

“சொந்தக்காரங்க நிறைஞ்ச வீட்டுல வச்சு ‘மாப்ள கை ஓட்டைப் பானை, எதுவும் தங்காது’ன்னான். அதோட சரி.”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு அப்படியே செய்தாள்.

உண்டியல் கனக்கத் தொடங்கிய சமயம், மூட்டை தூக்குகிற கூட்டாளி ஒருவன் பெரிய டச் போன் ஒன்றைப் பாதி விலைக்கு நீட்டினான். சந்தேகத்துக்குப் புத்தி கலங்கியது. உண்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஞ்சர் கடை வாசலில் போய் நின்றார்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தான். உண்டியலையும் பார்த்தான். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று தேடினான். கேட்க வேண்டியவன் அவன், கேட்கவில்லை. வாய் திறந்து கேளுடா என்று சொல்ல இவருக்கு ரோஷம் விடவில்லை. அந்தத் தகரத்தை ஒரு திருப்புளியால் நெம்பிவிடலாம். நெம்பினால் ஓட்டைப் பானை என்று அவன் சொன்னது நிஜமாகிப் போகும். திரும்பி நடந்தார். அதற்குள் போனை வேறு எவனோ வாங்கிவிட்டான்.

“எங்க அண்ணன் ஊமைன்னு எனக்கே தெரியாதே!” என்று நடந்ததைக் கேட்ட பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஏன் கேட்கவில்லை என்பது மண்டையைக் குடைந்தது. வீம்பா? சாவியைத் தொலைத்துவிட்டானா?

மழைக்காலம் முடிந்ததும் வண்டிச் சொந்தக்காரன் கூப்பிட்டு விட்டான். “நீ இழுக்கிற வண்டியையே விக்கப் போறேன். சாயங்காலத்துக்குள்ள பணம் வந்தா உனக்கு. இல்லேன்னா ஐஸ்காரன் கேட்டுட்டுப் போயிருக்கான்.”

ஐஸ்காரன் கைக்கு வண்டி போனால் வாடகைக்குக்கூடக் கிடைக்காது. பிழைப்பே போச்சு. உண்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பஞ்சர் கடை வாசலில் மூச்சு வாங்க நின்றார். மச்சான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். இவர் நின்றார். அவன் அடித்தான். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. ரோஷமாவது மண்ணாவது, நாமே சாவியைக் கேட்டுத் தொலைப்போம் என்று இவர் வாயைத் திறக்கப் போகையில், பம்பை நிறுத்திவிட்டு அவன் கேட்டான்:

“எதுக்கு மாப்ள?”

“வண்டி.” அவ்வளவுதான் வந்தது.

மச்சான் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தான்.

“அன்னைக்கு ஏன்டா கேக்கல?”

“அந்தப் போனை விக்க வந்தவன் என் கடைக்குத்தான் முதல்ல வந்தான், அடுத்து உன்கிட்டன்னான். நான் கேட்டா நீ போனுக்குன்னுவ. அப்புறம் சாவியைக் குடுக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கே. இன்னைக்கு வெயில் சாயற வரைக்கும் நீ நகரல, அதான் கேட்டேன்.”

சந்தேகம் அவனை மேலும் கீழும் பார்த்தார். இதிலும் ஏதாவது இருக்குமோ?

“என்ன மொறைக்கிற? நட. வண்டியை நான் பாக்காம ஒத்தக் காசு குடுத்துடாத. அதோட அச்சு வளைஞ்சு ரொம்ப நாளாச்சு, உன் நடையைப் பாத்தாலே தெரியுது. விலையைக் கொறைக்கலாம்.”

“பேச்சை நானா ஆரம்பிச்சேன்? நீதானே ஆரம்பிச்ச?” என்றார் சந்தேகம்.

“ஆமாய்யா, நான்தான். நட.”