கை கழுவும் விழா

ஆயம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி ஏணிப்படியில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டாள். மேலே தொட்டி, எவ்வளவு ஊட்டியும் வயிறு நிறையாத பிள்ளையைப்போலக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. தெருக்குழாயிலிருந்து பள்ளிக்கூடம்வரை ஒரு நடை, அப்புறம் ஏணியில் ஓர் ஏற்றம். தொட்டிக்கு வரவேண்டிய குழாய் மதில்வரைக்கும் வந்து, மண்ணுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றுவிட்டது. வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கிய அன்றே காண்டிராக்டர் பள்ளிக்கூடத்தைக் கை கழுவிவிட்டார்.

தொட்டிக்குக் கீழே புதுக் குழாய்கள் வரிசையாகப் பளபளத்தன. பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறை. கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டுதான். இன்றைக்குப் பூட்டின்மேல் சிவப்பு ரிப்பனும் சேர்ந்திருந்தது. கட்டிக்கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் செதுக்கிச் சுவரில் ஒரு கல் பதித்திருந்தார்கள். கழிப்பறையைவிடக் கல்லுக்குத்தான் அதிக நாள் வேலை நடந்தது.

முற்றத்தில் பிள்ளைகள் கை கழுவப் பழகிக்கொண்டிருந்தார்கள். விழாவுக்கு முன்னால் தொட்டித் தண்ணீரைத் தொடக்கூடாது என்று உத்தரவு. "உள்ளங்கை... புறங்கை... விரல் இடுக்கு..." என்று டீச்சர் சொல்லச் சொல்ல, எல்லாரும் காற்றில் தேய்த்தார்கள்.

"டீச்சர், சோப்பு கண்ணுல பட்டுடுச்சு," என்றான் ஒரு வாண்டு.

வரிசையே சிரித்தது. முன்னால் நின்ற ஆயம்மாவின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியாக இருந்ததால் வந்த பெயர். இப்போது தண்ணீர் குடிப்பதும் குருவி மாதிரிதான். பழைய கழிப்பறையின் கதவை யாரோ கழற்றிக்கொண்டுபோய்விட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் சீட்டுக் கச்சேரி. அதனால் பெரிய பெண்கள் காலையிலிருந்து கடைசி மணிவரை நாக்கை நனைப்பதோடு சரி. குருவிக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, விட்டு, மறுபடியும் வந்தது. அடக்கக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார் டாக்டர்.

"குடின்னு எழுதித் தர்றாரு. போறதுக்கு ஒரு எடமும் எழுதித் தரச் சொல்லும்மா," என்றாள் குருவி.

அவள் அப்பனோ, இன்னொரு தடவை காய்ச்சல் வந்தால் படிப்புக்கு முழுக்கு என்று சொல்லிவிட்டான். அன்று காலை குருவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஆயம்மா, அதை அவனிடம் சொல்லாமலேதான் கூட்டிவந்தாள். நேரே தலைமையாசிரியரிடம் போனாள். பெரிய சார் கண்ணாடி முன்னால் கழுத்துப்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பொண்ணுக்கு ஒடம்பு அனலா இருக்கு. மேடையில பேச வேற புள்ளைய நிறுத்துங்களேன்."

"அவள மாதிரி திருத்தமா பேச யாரு இருக்கா ஆயம்மா? ரிப்பன் வெட்டினதும் சாவிய உன் கையில குடுத்துடறேன். அப்புறம் நீயாச்சு, கக்கூஸாச்சு."

"நெஜமாவே தொறந்து விடுவீங்களா சார்?"

"பின்ன, அழகு பாக்கவா கட்டியிருக்கு?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை குடமும்.

ரிப்பன் வெட்டவேண்டிய விருந்தாளி வெயில் ஏறியபிறகு வந்தார். மேடையில் அவருக்கு மூடி திறக்காத பாட்டில் தண்ணீர். புதுக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக் குருவியிடம் நீட்டினார். அவள் ஆயம்மாவைப் பார்த்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். குடித்தாள்.

"சார், நீங்க கண்ண மூடிட்டீங்க. இன்னொரு தடவை," என்றார் போட்டோக்காரர்.

இன்னொரு தம்ளர்.

"பாப்பா, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே குடி."

மூன்றாவது தம்ளரும் உள்ளே போனது. அப்புறம் விருந்தாளி மைக்கைப் பிடித்தார். தண்ணீர் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று தொடங்கி, மழைக்குப் போய், மேகத்தில் கொஞ்ச நேரம் தங்கினார். குருவி அவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்று ஏற்பாடு. அவள் முழங்கால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதை ஆயம்மா பார்த்தாள். மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

"சார், சாவி."

"ரிப்பன் இன்னும் வெட்டலயே."

"ரிப்பன நான் தூக்கிப் புடிச்சுக்கறேன் சார். புள்ள குனிஞ்சு போயிட்டு வந்துடுவா."

"பெரிய மனுஷன் தொறக்க வந்த கக்கூஸ உன் பொண்ணு தொறந்து வைக்கிறதா? நல்லாருக்கே கதை. பொறு, இப்ப முடிச்சிடுவாரு."

விருந்தாளி அப்போதுதான் நதிக்கு வந்திருந்தார். கடல் இன்னும் பாக்கி இருந்தது.

ஆயம்மா திரும்பிப் பார்த்தபோது குருவியின் பாவாடையில் ஒரு கோடு கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. அது காலடியில் தேங்கி, விருந்தாளியின் செருப்பைப் பார்த்து நகர்ந்தது. முன்வரிசையில் ஒரு பையன் கழுத்தை நீட்டினான்.

ஆயம்மா எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளை இழுத்துக் குழாயடியில் குனியவைத்து, ஒவ்வொரு குழாயாகத் திருகிவிட்டாள். காலையெல்லாம் சுமந்த தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. தலை, சட்டை, பாவாடை எல்லாம் ஒரே ஈரமாகி, எந்த ஈரம் எதென்று தெரியாமல் போயிற்று.

"கழுவு கண்ணு. கையக் கழுவு," என்றாள் காதோடு.

குருவி கண்ணை இறுக மூடிக்கொண்டு கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு.

விருந்தாளி பேச்சை நிறுத்தினார். பிறகு, "பாருங்கள், குழந்தையின் ஆனந்தத்தை," என்று கைதட்டினார். கூட்டமும் தட்டியது. போட்டோக்காரர் மண்டியிட்டு எடுத்துத் தள்ளினார்.

ரிப்பன் வெட்டியாயிற்று. விருந்தாளி கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்து, "பளிச்சென்று இருக்கிறது. இப்படியே வைத்திருக்கவேண்டும்," என்றார். பெரிய சார் பெரியவர் வாக்கைத் தட்டாதவர். கார் கிளம்பியதும் பூட்டிவிட்டார்.

ஆயம்மா கை நீட்டினாள். "சாவி சார்."

"தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. இப்ப தொறந்துவிட்டா ஒரே நாள்ல நாறிடும். குழாய் வரட்டும், பாக்கலாம்."

"நான் சுமந்து ஊத்தறேன் சார்."

"ஊத்துவ. ஊத்தினதையெல்லாம் உன் பொண்ணு தலையிலதான கவுத்த?"

அன்று ராத்திரி குருவிக்குக் குளிர்க்காய்ச்சல். விடிந்ததும் அப்பன்காரன் புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டான். குருவி ஆயம்மாவிடம் சொன்னாள்: "அங்க யாரு கேட்டாலும் மேடையில சிந்தினது தண்ணிதான்னு சொல்லிடும்மா."

பள்ளிக்கூட வாசலில் இப்போது ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருக்கிறது. குருவி சொட்டச் சொட்ட நனைந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து நிற்கிறாள். கீழே 'தண்ணீர் கண்ட மகிழ்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

முற்றத்தில் பிள்ளைகள் காற்றில் கை கழுவுகிறார்கள். ஆயம்மா தினமும் வாசலைப் பெருக்கிவிட்டுப் படத்தின் தூசியைத் துடைக்கிறாள். நனைக்கத் தண்ணீர் ஏது, உலர்ந்த துணியால்தான். கன்னத்தில் அச்சாகிப்போன துளிகள் துடைக்கத் துடைக்க அப்படியே நிற்கின்றன.