இன்னும் ஒரு இன்னிங்ஸ்

நூரிஸ் ஈரப்பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் துலியோவின் குரல் எகிறியது.

"நாப்பது வயசு ஒலிவோவ நாலாவது ஆளா மட்டை பிடிக்க அனுப்புறானே, இவன் மண்டையில என்னதான் இருக்கு? அந்த ஆளு மொதல் பேஸுக்கு ஓடிச் சேர்றதுக்குள்ள நான் கடைக்குப் போயி காப்பித்தூள் வாங்கிட்டு வந்துருவேன்."

"மெதுவாப் பேசுய்யா. உள்ள மனுஷன் கெடக்காரு," என்றார் கிரினோ.

"அவருக்குக் கேக்கட்டும்னுதான் சொல்றேன். அவரும் இதத்தான சொல்லுவாரு."

அது பொய்யில்லை. பேச்சு இருந்தவரைக்கும் நூரிஸின் அப்பா எலிஹியோவே, அணி மேனேஜரான தன் மகனைப் பற்றி இதைவிட மோசமாகப் பேசியவர்தான். பேஸ்பால் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதாம் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, நடுவில் வானொலியை வைத்து, தெருவே கூடித் திட்டுவது அந்த வீட்டு முற்றத்தில்தான். வேன் ஓட்டும் துலியோ, முடிதிருத்தும் கடைக்காரர் கிரினோ, இன்னும் நாலைந்து பேர். வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த பிறகும் அந்தப் பழக்கத்தை ஒருத்தரும் விடவில்லை. நோயாளியைப் பார்க்க வந்தோம் என்று பேர், காதெல்லாம் வானொலியில்.

பெலிகானோஸ் அணி வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றிருந்தது. பாரஓனா ஊரில் அந்த டிசம்பரில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் பழைய மேனேஜரைத் துரத்திவிட்டு ராதாமேஸை உட்கார வைத்தார்கள். ராதாமேஸ், நூரிஸின் தம்பி. பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளனாக இருந்தவன், அந்த வேலையை உதறிவிட்டுப் போனான். யார் ஆடுவது, யார் உட்காருவது, பந்தெறிகிறவனை எப்போது மாற்றுவது, எல்லாம் மேனேஜர் கையில். தோற்றால் ஊர் வாயில் விழுவதும் அவன்தான். இன்றைக்கும் தோற்றால் நாளைக்கு வேறு ஆள் என்று அணி முதலாளி நேற்றே வானொலியில் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட நாளாகப் பார்த்து அப்பா சாகக் கிடந்தார்.

காலையில் வந்த டாக்டரம்மா அப்பாவின் கால் நகங்களை அழுத்திப் பார்த்துவிட்டு, "வரவேண்டியவங்கள வரச் சொல்லிருங்க," என்று மட்டும் சொன்னாள். மத்தியானம் ராதாமேஸ் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். அப்பா கண் திறக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "அக்கா, ஏதாச்சும்னா கூப்பிடு. எந்த இன்னிங்ஸா இருந்தாலும் வந்துருவேன்," என்றான்.

"ஆட்டத்த விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான்."

மைதானம் பைக்கில் பத்து நிமிஷம். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை புதன்கிழமை.

புதன்கிழமை அப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது நூரிஸ் பதறிப்போய்க் கூப்பிட்டுவிட்டாள். ஐந்தாவது இன்னிங்ஸில் ராதாமேஸ் மைதானத்தை விட்டு ஓடி வந்தான். அவன் வந்து சேர்ந்தபோது அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கோழி சூப் குடித்துக்கொண்டிருந்தார். அணி ஒரே ஒரு ரன்னில் தோற்றது. 'அப்பன் மடிக்கு ஓடின மேனேஜர்' என்று வானொலிக்காரன் மூன்று நாள் வைத்து வாட்டி எடுத்தான். ராதாமேஸ் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

அதனால்தான் இப்போது போனை உடுப்புப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வந்தது. நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஐந்தில் வந்தது. அடுத்தது ஏழில். கூப்பிட்டு, அப்பா மறுபடி எழுந்து சூப் கேட்டுவிட்டால் தம்பியின் பிழைப்பு போச்சு. கூப்பிடாமல் விட்டு அப்பா போய்விட்டால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது. அப்பா எழுந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று தன் மனசு பயப்படுவதைக் கண்டுபிடித்து அவளே திடுக்கிட்டாள். சீ, என்ன மகள் நான் என்று இருந்தது.

ஆறாவது இன்னிங்ஸில் பெலிகானோஸ் மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் போனது. முற்றத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகமாகக் கேட்டது.

"பந்தெறியற சென்சியோனுக்குக் கை செத்துப்போச்சுய்யா. பந்து எங்க போகுதுன்னு அவனுக்கே தெரியல. எடுக்கச் சொல்லு அவன."

"எங்க எடுப்பான்? ராதாமேஸ் எப்பவும் ஒரு ஆளுக்கு அதிகமா எறியவிட்டுத்தான் பாப்பான். அது அவன் வியாதி."

"வெளிய ரெண்டு பேரு கை சூடாக்கிட்டு நிக்கிறாங்க, ஒருத்தன அனுப்பறதுக்கென்ன?"

"அந்த ரெண்டு பேரையும் நீ நேத்து ஒதவாக்கரைன்னு சொன்ன."

"சொன்னேன். இன்னைக்கு வேற நாளு."

நூரிஸ் எழுந்து வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் துலியோ வானொலியின் சத்தத்தைக் குறைத்தான்.

"கிரினோ மாமா, மூச்சு சரியில்ல. ராதாமேஸக் கூப்பிடட்டுமா?"

துலியோ தொப்பியைக் கழற்றி அதற்குள் ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்தான். ஒருத்தர் காபிக் கோப்பையின் அடியை ஆராய்ந்தார். மற்றவர்கள் வானொலிப் பெட்டியையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க மாமா. கூப்பிடட்டுமா, வேணாமா?"

கிரினோ தொண்டையைச் செருமினார். "அது... குடும்ப விஷயம்மா. நாங்க இதுல என்னத்தச் சொல்ல."

அவளுக்கு வந்ததே கோபம். "ரெண்டு மணி நேரமா என் தம்பி எவன நிறுத்தணும் எவன எடுக்கணும்னு வாய் ஓயாமச் சொல்லிட்டிருக்கீங்க. மூணு வாரமா சொல்றீங்க. இப்ப ஒண்ணு கேட்டா ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

துலியோ மட்டும் முணுமுணுத்தான். "அது ஆட்டம், நூரிஸ்."

அவள் உள்ளே வந்துவிட்டாள். அப்பாவின் கை விரல்கள் சில்லிட்டிருந்தன. தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். சூடு ஏறவில்லை. மூச்சுக்கு நடுவே பதினொன்றுவரை எண்ணியாயிற்று. ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தது என்று வானொலிக்காரன் சொன்னபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், பின்கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்தாள். யோசித்தால் கை வராது என்று தெரியும்.

ஆட்டம் நடக்கும்போது மேனேஜர் கையில் போன் இருக்காது. வீரர்கள் உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் கூக்கோதான் எடுத்தார்.

"கூக்கோ அண்ணே, நூரிஸ் பேசறேன். தம்பிகிட்டப் போயிச் சொல்லுங்க. வரச் சொல்லுங்க. இது புதன்கிழமை மாதிரி இல்லன்னு சொல்லுங்க. அக்கா நிச்சயமா சொல்லுதுன்னு சொல்லுங்க."

"இரும்மா, இரு," என்று கிழவர் போனை எங்கோ வைத்துவிட்டு ஓடினார். போனில் மைதானத்துக் கூட்டம் இரைந்தது. அதே இரைச்சல் ஒரு மூச்சு நேரம் கழித்து முற்றத்து வானொலியிலிருந்தும் வந்தது. இரண்டையும் கேட்டுக்கொண்டு அடுப்பு மேடையைப் பிடித்தபடி நின்றாள். பைக் சாவியைத் தேடுவான், யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புவான், பத்து நிமிஷம், கூட்டம் இருந்தால் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டாள்.

"அம்மா," என்றார் கூக்கோ. "சொல்லிட்டேன்."

"கெளம்பிட்டானா?"

ஓடி வந்த கிழவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"என்ன சொன்னான் அண்ணே?"

"இன்னும் ஒரு இன்னிங்ஸ்னு சொல்லச் சொன்னாரு."

"அவனுக்கு நல்லாக் கேட்டுச்சா? சத்தத்துல சரியா..."

"கேட்டுச்சும்மா. நான் ரெண்டு தடவ சொன்னேன். அவரு என் மூஞ்சியப் பாக்கல. மைதானத்தப் பாத்துக்கிட்டே சொன்னாரு." அவள் கேட்காமலே சொன்னார்: "நான் இத யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

போனை வைத்த பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, வெட்கமில்லாமல் ஒரு நிம்மதியும் வந்தது. முடிவு இனி அவள் கையில் இல்லை. அந்த நிம்மதிக்காகவே பிறகு வாய்விட்டு அழுதாள், கொஞ்ச நேரம்தான், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"வர்றான்ப்பா," என்று காதருகே குனிந்து சொன்னாள். "கெளம்பிட்டான். பைக்ல வந்துட்டிருக்கான்."

எட்டாவது இன்னிங்ஸிலும் சென்சியோன்தான் பந்தெறிந்தான். ராதாமேஸ் அவனை எடுக்கவில்லை. எதிரணியில் ஒருத்தன் பேஸில் ஏறினான், இன்னொருத்தன் ஏறினான், மூன்றாமவனும் ஏறி மூன்று பேஸும் நிரம்பின. முற்றத்தில் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். "எடுறா அவன, எடுறா," என்று யாரோ கெஞ்சினார்கள். நூரிஸ் அப்பாவின் கையைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு. பதினேழு. இருபதைத் தாண்டியும் எண்ணினாள். முப்பது வந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டாள். வெளியே எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். மூன்றாவது ஆளும் அவுட், ரன் எதுவும் போகாமல் எட்டாவது முடிந்தது.

அவள் அப்பாவின் கண்ணிமைகளைச் சரியாக மூடிவிட்டு, போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். பிறகு வாசலுக்குப் போய் நின்றாள். கிரினோதான் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு வானொலியை அணைக்கக் கையை நீட்டினார்.

"அணைக்காதீங்க மாமா. முடியட்டும்."

அவர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே மிச்ச ஆட்டத்தைக் கேட்டார்கள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் ராதாமேஸ் சென்சியோனையே அனுப்பினான். ஒரு அவுட். இரண்டு. கடைசிப் பந்து உயரே போய் ஒலிவோவின் கைக்குள் விழுந்தது. ஒன்பது தோல்விக்குப் பிறகு பெலிகானோஸ் ஜெயித்துவிட்டது. தெருக்கோடியில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பாதாம் மரத்தடியில் யாரும் கை தட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அப்பாவின் தாடையைத் துணியால் கட்டினாள். இன்னொருத்தி மெழுகுவத்தி கொளுத்தினாள். இருட்டுகிற நேரத்தில் பைக் வந்து நின்றது. ராதாமேஸ் சீருடையோடு வந்தான். அடியில் ஆணி வைத்த காலணி சிமென்ட் தரையில் சடக்சடக்கென்று அறைக்குள் வந்து கட்டிலருகே நின்றது. முழங்காலிட்டு அப்பாவின் நெஞ்சில் நெற்றியை வைத்தான். அழுகை சத்தமில்லாமல் அவன் முதுகில் குலுங்கியது.

வாசற்படியில் ஆண்களும் சுவரோரம் பெண்களுமாக அறை நிறைந்திருந்தது. கிரினோ மெதுவாகத்தான் கேட்டார். குற்றம் சொல்லும் குரலே இல்லை.

"ஏம்மா நூரிஸ், தம்பிக்கு நீ ஃபோன் போடலையா?"

ராதாமேஸின் முதுகு குலுங்குவது நின்றது. தலையைத் தூக்கவில்லை. போர்வையைப் பிடித்திருந்த கை இறுகி, விரல் கணுக்கள் வெளுத்தன. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இல்ல மாமா," என்றாள் நூரிஸ். "நான் கூப்பிடல. புதன்கிழமை மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேன்."

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறந்தான்.

"மொதல்ல ஷூவக் கழட்டு," என்றாள். "தரையெல்லாம் மண்ணு."

அவன் கட்டிலருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். மற்றவர்கள் ஒவ்வொருத்தராக முற்றத்துக்கு நகர்ந்தார்கள். பெண்கள் காபி வைக்க அடுப்படிக்குப் போனார்கள். ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம், அடக்கிய குரலில், ஆரம்பித்தார்கள்.

"என்ன இருந்தாலும் கூப்பிட்டிருக்கணும்ய்யா. பெத்த அப்பன்."

"கூப்பிட்டிருந்தா அவன் போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பான். பத்தாவதும் தோத்திருப்போம். அந்தப் பொண்ணு சரியாத்தான் முடிவு எடுத்துச்சு."

"ஏழாவதுல கூப்பிட்டிருக்கலாம். நேரம் இருந்துச்சு."

"நம்மகிட்ட வந்து கேட்டுச்சே, அப்பவே ஆறாவதுல கூப்பிட்டிருக்கணும்ங்கறேன்."

"அப்பச் சொல்ல வேண்டியதுதான நீ?"

"வாழ்நாளு பூரா அவன் மனசுல இது கெடந்து அறுக்கும், பாத்துக்க. அக்காமேல ஒரு கசப்பு இருக்கத்தான் செய்யும்."

ராதாமேஸ் காலணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தான். இழுத்த இழுப்பில் முடிச்சு இன்னும் இறுகியது.

"அக்கா," என்றான்.

"கால ஆட்டாத," என்று சொல்லி அவள் தரையில் உட்கார்ந்து அவன் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முடிச்சில் மைதானத்துச் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் கிளறி, கயிற்றின் நுனியைத் தேடி, மெல்ல மெல்ல இழுத்தாள். ஒன்று கழன்றது. மறு காலை அவனே நீட்டினான்.