நாலாவது துளை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்றபடியே செய்கிற வேலை எனக்குச் சரிப்பட்டதற்கு அதுதான் காரணம். அன்று மதியம் ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தாள். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறாள், அதனால் கிசுகிசுவென்றுதான் பேசுவாள்.

“உங்க அண்ணன் நாளைக்கு செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராம். மவுத் ஆர்கன்ல ஒரு சத்தம் வரலையாம். பயிற்சியும் பண்ணாம சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டிருக்காரு. நான் சொன்னா எங்க கேக்கறாரு? நீ போய்ப் பாரேன்.”

அண்ணன் பெயிண்டர். நுரையீரலில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண், பலூன் ஊதச் சொன்னால் முறைக்கிறான் என்று மவுத் ஆர்கனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஊத வேண்டும், உள்ளே இழுக்க வேண்டும். விட்டால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும், மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்தான். இன்னொரு தடவை அவனை அங்கே பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முதலாளியிடம் அரை மனதான ஒரு ‘சரி’ வாங்கிக்கொண்டு, கையில் இருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எந்த ஓட்டை?”

“நாலாவது. ஊதினா வருது. இழுத்தா வரல.”

அதை எடுத்துத் துடைத்து வாயில் வைத்து இழுத்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சத்தம் வந்தது.

“இதோ வருதே! இதுக்கா இந்த அலப்பறை? ஒழுங்கா இழுண்ணா.”

அண்ணன் எழுந்து உட்கார்ந்து வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். புஸ்ஸென்று காற்று போனதே தவிர வேறொன்றும் வரவில்லை.

“பாத்தியா? கோளாறு இதுல இல்ல. எனக்குத் தெரியும்” என்று என் மடியில் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆறுதல் சொல்ல வந்த நானே அவன் பயத்துக்கு முத்திரை குத்தியிருந்தேன். என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்துத்தான் போட வேண்டும். அறைக்குள் இரண்டு நடை நடந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அடித் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். ஒவ்வொன்றும் தன் பள்ளத்துக்குமேல் மயிரிழை தூக்கி நிற்கிறது. இழுக்கிற காற்று அதை அந்தப் பள்ளத்துக்குள் ஆட்டினால்தான் சத்தம். ஜன்னலோரம் கிடந்த பல்குத்தியால் நாலாவதைத் தட்டினேன், சுத்தமாக அதிர்ந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அக்கம்பக்கத்து நாக்குகளைவிட அதன் நுனி அதிகமாகத் தூக்கியிருந்தது.

“அண்ணா, இதுக்குள்ள எதையாவது விட்டு நோண்டினியா?”

“தூசி இருந்துது. ஊக்கால லேசா...”

“லேசாவா! நீயும் உன் ஊக்கும்!”

எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். தூக்கி நிற்கிற நாக்கை ஆட்ட நிறையக் காற்று வேண்டும். என் மூச்சுக்கு அது ஆடியது, அவன் மூச்சுக்கு ஆடவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை இப்போது வாயால் சொன்னால் நம்பவா போகிறான்?

பல்குத்தியால் நுனியை மெல்ல அழுத்தினேன். மாட்டினேன், இழுத்தேன், எனக்கு வந்தது. அவன் பக்கம் நீட்டினேன், வேண்டாமென்று தலையாட்டினான். மறுபடி கழற்றினேன். கடையிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். எனக்கு வந்தது. இன்னும் கொஞ்சம். கை வியர்த்து ஸ்க்ரூ கட்டிலுக்கடியில் உருண்டது. தவழ்ந்து எடுத்து மாட்டி, ஆத்திரத்தோடு இழுத்தேன்.

சத்தமே இல்லை.

இருந்ததையும் கெடுத்துவிட்டேன். மறுபடி பலமாக இழுத்தேன். ஊமையாகவே இருந்தது.

“உடைச்சிட்டியா?” என்றான் அண்ணன். குரலில் பதற்றம் இருந்தது. வேண்டாம் என்றவன் கட்டிலைவிட்டு இறங்கி வந்து என் கையிலிருந்து பிடுங்கினான். உதட்டில் வைத்தான்.

மெலிதாக, ஆனால் சுத்தமாக, நாலாவது துளை பாடியது.

அவன் அதை எடுத்துப் பார்த்தான், மறுபடி இழுத்தான். மறுபடியும் வந்தது. முகத்தில் சிரிப்பு எங்கிருந்தோ ஏறியது. “இந்தா, நீ இழு.”

இழுத்தேன். வரவில்லை.

“எதுக்குடி மாடு மாதிரி இழுக்கற? அது பயந்து பள்ளத்தோட ஒட்டிக்குது. மெதுவா.”

மெதுவாக இழுத்தேன். வரவில்லை.

“அதுல பாதி.”

பாதியாக்கினேன்.

“இன்னும் கம்மி. நான் இழுக்கற மாதிரி.”

குறைத்துக்கொண்டே போனேன். மூச்சுவிடுகிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்த இடத்தில் சத்தம் வந்தது. இவ்வளவுதானா? இந்தக் கொஞ்சக் காற்றை வைத்துக்கொண்டா இவன் எழுந்து உட்கார்ந்தான், என்னோடு பேசினான், ராத்திரியெல்லாம் கிடந்தான்? அதைக் கையில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

“அழுதா சத்தம் வராது. கொண்டா இங்க” என்று வாங்கிக்கொண்டான் அண்ணன். “எனக்குப் பயிற்சி பாக்கி கெடக்குது.”